பொதுச் சந்தைக்குத் திட்டம் போட்டவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பா தினத்தையொட்டி மே 9 அன்று நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்கியதே பெரிய காரியம். நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரு பொது ஆணையத்தின் கீழ் கொண்டுவரலாம் என்று 1950-இல் அதே தேதியில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் வெளியிட்ட அறிக்கை, அதற்குப் பின்னால் இருந்த ஷான் மொனே, ஜெர்மனியின் அடினாவர், இத்தாலியின் டி காஸ்பெரி, பெல்ஜியத்தின் ஸ்பாக் என்று எல்லோரும் கட்டுரையில் வந்திருந்தார்கள். ஆனால் 1951-இல் ஆறு நாடுகள் நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைச் சொன்ன கையோடு, 'இதுவே வளர்ந்து 1957-இல் பொதுச் சந்தையானது' என்ற ஒற்றை வரியில் கட்டுரை, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அது தானாக வளரவில்லை. நிலக்கரிக்கும் எஃகுக்கும் செய்ததை அடுத்தபடியாகப் போக்குவரத்துக்கும் மற்ற எரிசக்திக்கும், முக்கியமாக அணுசக்திக்கும் செய்யலாம் என்பதுதான் மொனே வட்டாரத்தின் எண்ணம். துறை துறையாகப் போவது அவர்கள் வழி. துறை துறையாகப் போனால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம், எல்லாச் சரக்குக்கும் சேர்த்து ஒரே சந்தை வேண்டும், உள்ளே சுங்கத் தீர்வையே கூடாது, வெளியிலிருந்து வருவதற்கு எல்லா எல்லையிலும் ஒரே தீர்வை இருக்க வேண்டும் என்று விடாமல் சொன்னவர் வேறொருவர். யோஹான் வில்லெம் பெயன். 1952 முதல் 1956 வரை நெதர்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவர் பெயர் கட்டுரையில் ஓர் இடத்தில்கூட இல்லை.

திருப்பூர்க்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் டாகுமெண்டேஷன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், ஜிஎஸ்பி என்ற தீர்வைச் சலுகைக்கான ஃபார்ம் ஏ என்று என் வேலைக்காலம் முழுக்க ஐரோப்பாவின் சுங்க விதிகளோடுதான் போனது. இவ்வளவு சரக்குதான் அனுப்பலாம் என்று அளவு கட்டிய கோட்டா காலத்தில் வேலை பார்த்த யாருக்கும் 'பெனிலக்ஸ்' என்ற பெயர் மறக்காது. 1992 முடியும் வரை ஐரோப்பாவுக்கான ஜவுளிக் கோட்டா நாடு வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கேட்டகிரி 4, அதாவது நம் டி-ஷர்ட், ஜெர்மனிக்கு ஒரு அளவு, பிரான்சுக்கு ஒரு அளவு, இத்தாலிக்கு ஒரு அளவு. ஆனால் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, பெனிலக்ஸ் கணக்கு. ஹாம்பர்க்குக்கு ஆர்டர் இருக்கும், ஜெர்மனி கோட்டா தீர்ந்திருக்கும். பெனிலக்ஸ் கோட்டா கையில் இருந்தும் பயன்படாது. பெட்டி கட்டிய சரக்கு கோடவுனில் கிடக்கும். அதே சமயம் தீர்வை விஷயத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பொதுத் தீர்வை 12 சதவீதம் என்றால் ரோட்டர்டாமிலும் 12, ஹாம்பர்க்கிலும் 12, ஜெனோவாவிலும் 12. ஒரு துறைமுகத்தில் தீர்வை கட்டி இறக்கிவிட்டால் அப்புறம் லாரி எந்த நாட்டுக்குப் போனாலும் இன்னொரு தடவை தீர்வை கேட்க மாட்டார்கள்.

ஒரே ஐரோப்பா, கோட்டாவில் பல நாடாகவும் தீர்வையில் ஒரு நாடாகவும் இருப்பது எப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்துத்தான் பெயன் என்ற மனிதரிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் அரசியலில் வளர்ந்தவர் இல்லை. 1897-இல் உட்ரெக்ட் நகரில் பிறந்தார், சட்டம் படித்தார், நிதி அமைச்சகத்தில் சேர்ந்தார், பிறகு வங்கித் தொழிலுக்குப் போனார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கிக்கு 1937-இல் தலைவரானார். உலக நாடுகளின் மத்திய வங்கிகள் ஒன்றோடொன்று கணக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. போர்க்காலத்தில் நாட்டைவிட்டு வந்து லண்டனில் இருந்த டச்சு (நெதர்லாந்து) அரசுக்கு நிதி ஆலோசகர். 1944 ஜூலையில், போருக்குப் பிந்தைய உலகப் பண ஏற்பாட்டை வகுத்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு டச்சுக் குழுவைத் தலைமை தாங்கி அழைத்துப் போனவர் அவர்தான். (கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இந்தியக் குழுவில் ஒருவராக அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தார் என்பது நம் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.) போருக்குப் பின் உலக வங்கியிலும் பன்னாட்டு நிதியத்திலும் நிர்வாக இயக்குநராக இருந்தார்.

ஒரு கறையும் உண்டு, அதை மறைத்துவிட்டு அவருக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்தது. லண்டனில் தீர்வு வங்கியின் கணக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் தங்கம் 23 டன்னுக்கு மேல் இருந்தது. அதை ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்க் கணக்குக்கு மாற்றச் சொல்லி பிராகிலிருந்து உத்தரவு வந்தது. துப்பாக்கி முனையில் எழுதி வாங்கிய உத்தரவு என்று யாருக்கும் புரிந்திருக்கும். காகிதம் சட்டப்படி சரியாக இருக்கிறது என்று தங்கம் மாற்றப்பட்டது. அப்போது வங்கியின் தலைவர் பெயன். நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அவருக்கு இன்று பெரிய சிலைகள் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 1952-க்குப் பின் அவர் செய்த வேலையை இதைக் காட்டிக் கழித்துவிட முடியாது.

1952-இல் அவர் அமைச்சரானதே ஒரு சமரசத்தால்தான். பிரதமர் வில்லெம் ட்ரீஸ் தொழிற்கட்சிக்காரர். வெளியுறவுத் துறையைக் கத்தோலிக்க மக்கள் கட்சி கேட்டது. அன்றைய ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றிலும் கத்தோலிக்கத் தலைவர்கள் கையில்தான் ஐரோப்பிய விவகாரம் இருந்தது. நம் பக்கமும் அப்படியே போக வேண்டாம் என்று ட்ரீஸ் தரப்பு நினைத்தது. கடைசியில் இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். கட்சி எதிலும் சேராத பெயன் வெளியுறவு அமைச்சர். கத்தோலிக்கக் கட்சியின் யோசெப் லுன்ஸ் இலாகா இல்லாத அமைச்சராக அதே அமைச்சகத்தில். ஐரோப்பா பெயன் பங்குக்கு வந்தது. பணக் கணக்குத் தெரிந்த வங்கிக்காரர், ஐரோப்பியக் கனவுகளில் அதிகம் மயங்க மாட்டார் என்ற எண்ணமும் இருந்தது. கனவில் மயங்கவில்லை என்பது உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தக் கனவுக்காரர்களையும் தாண்டிப் போனார்.

அந்தக் கணக்கு சுலபமானது. போருக்குப் பின் மேற்கு ஐரோப்பிய நாடுகள் இறக்குமதிக் கோட்டாக்களைப் படிப்படியாகத் தளர்த்திக்கொண்டிருந்தன. தீர்வைக் குறைப்பு மட்டும் அந்த அளவுக்கு நடக்கவில்லை. நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஏற்கெனவே குறைந்த தீர்வை நாடுகள். பிரான்சும் இத்தாலியும் உயரமான சுவர் எழுப்பி வைத்திருந்தன. கோட்டாவையும் விட்டுக்கொடுத்துவிட்டால் சின்ன நாட்டுக்காரன் கையில் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. ஏற்றுமதியை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இது வயிற்றுப் பிரச்சினை, இதைத் திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதே நேரத்தில் ஆறு நாடுகளும் ஒரு பொது ராணுவத்துக்கும், அதன் மேல் ஓர் அரசியல் சமூகத்துக்கும், அதாவது ஆறுக்கும் பொதுவான அரசியல் அமைப்புக்கும், திட்டம் போட்டுக்கொண்டிருந்தன. 1952 டிசம்பர் 11 தேதியிட்ட குறிப்பில் பெயன் தன் கருத்தை மற்ற ஐந்து நாடுகளுக்கும் அனுப்பினார். பொருளாதார அடித்தளம் இல்லாத அரசியல் சமூகம் வெறும் கூடு என்பது அதன் சாரம். தீர்வை ஒன்றியம் வேண்டும். அதுவும் வருடா வருடம் கூடிப் பேசிக் குறைப்பதாக இருக்கக் கூடாது, குறைக்கும் கால அட்டவணை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அடிபடும் தொழில்களுக்குப் பாதுகாப்பு விதி வேண்டும், கைகொடுக்க ஒரு பொது நிதியும் வேண்டும். துறைவாரி ஒருங்கிணைப்பு ஏன் போதாது என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை இன்றும் பொருளாதார மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். ஒரு துறையை மட்டும் சேர்த்தால் அந்தத் துறையின் சிரமத்தைப் பக்கத்துத் துறையின் தலையிலோ நுகர்வோர் தலையிலோ கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் அப்படித் தள்ளிவிட இடமிருக்காது.

இதற்கு முன் அதே நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்த டிர்க் ஸ்டிக்கர் 1950-இல் துறைவாரித் திட்டம் ஒன்றைத்தான் முன்வைத்திருந்தார். அது நடக்கவில்லை. ஆகவே பெயன் தன் அமைச்சகத்தில் பழகிப்போன வழியையே மாற்றினார் என்று சொல்வதுதான் சரி. பிரதமர் ட்ரீஸுக்கே இதில் அரை மனம். பிரான்ஸ் போன்ற நாடுகளோடு இவ்வளவு இறுகக் கட்டிக்கொண்டால் நாளைக்கு நம் கை கட்டப்படுமே என்ற கவலை அவருக்கு.

வெளியிலும் வரவேற்பு இல்லை. பிரான்சுக்குத் தன் ஆலைகள் போட்டியில் நிற்குமா என்று பயம். திட்டம் அரசியல் சமூகப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் பொது ராணுவ ஒப்பந்தத்தை 319-க்கு 264 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அதோடு அரசியல் சமூகமும் போனது. பெயனின் திட்டமும் அதே குழியில் விழுந்தது.

இந்த இடத்தில்தான் நம் கட்டுரையாளர் நின்றிருக்க வேண்டும். ஐரோப்பா என்ற பேச்சையே எடுக்கத் தயங்கிய மாதங்கள் அவை. நிலக்கரி, எஃகு ஆணையத்தின் தலைவர் பதவியில் இனித் தொடர மாட்டேன் என்று மொனே 1954 நவம்பரில் அறிவித்தார். 1955 ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்பாக் மற்ற அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதி மறுபடியும் துறைவாரி யோசனையை எடுத்தார், போக்குவரத்து, எரிசக்தி, அணுசக்தி என்று. பிரான்சை மிரளவிடாமல் மெல்லப் போவோம் என்பது அவர் நினைப்பு. ஏப்ரல் 4 அன்று பெயன் ஒரு குறிப்பு தயாரித்து ஸ்பாக்குக்கும் லக்சம்பர்க்கின் யோசெப் பெக்குக்கும் அனுப்பினார். தோற்றுப்போன அதே தீர்வை ஒன்றியம், அதே பொதுச் சந்தை. இந்த முறை ராணுவத்தோடோ அரசியல் சமூகத்தோடோ முடிச்சுப் போடவில்லை, பொருளாதாரம் மட்டும் தனியாக.

பிரான்ஸ் ஒருமுறை உதைத்த திட்டத்தை ஏழே மாதம் கழித்து மறுபடி மேசையில் வைக்க நெஞ்சுரம் வேண்டும். சின்ன நாட்டுக்காரர், பின்னால் கட்சி கிடையாது, சொந்தப் பிரதமரே முழு மனதோடு இல்லை. அந்தக் குறிப்பு அன்று போகாமல் இருந்திருந்தால் ஸ்பாக் கேட்டது கிடைத்திருக்கும், அதாவது அணுசக்திக்கு ஓர் ஆணையம், ரயிலுக்கும் லாரிக்கும் ஓர் ஆணையம். நாம் இன்று ஐரோப்பிய ஒன்றியம் என்று அழைப்பது அவற்றிலிருந்து வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஏப்ரல் 23 அன்று ஹேக் நகரில் பெயனும் ஸ்பாக்கும் நேரில் பேசினார்கள். ஸ்பாக்கின் துறைவாரி யோசனையும் பெயனின் பொதுச் சந்தையும் ஒரே தாளில் வந்தன. பெக்கும் சேர்ந்துகொள்ள, மே மாதம் மூன்று நாடுகளின் கூட்டுக் குறிப்பாக அது மற்ற மூவருக்கும் போனது. ஜூன் முதல் தேதி சிசிலித் தீவில் மெசினா நகரில் ஆறு அமைச்சர்களும் கூடினார்கள். சிசிலி மாநிலத் தேர்தல் நெருங்கியிருந்தது, இத்தாலிய அமைச்சர் கயெத்தானோ மார்ட்டினோவுக்குத் தொகுதியை விட்டு நகர முடியவில்லை, அதனால் மாநாடே அவர் ஊருக்குப் போனது. பிரான்சின் அந்துவான் பினே எதற்கும் அவசரப்படவில்லை. பேச்சு இரண்டாம் தேதி இரவு முழுக்க நீண்டு மூன்றாம் தேதி அதிகாலையில் ஒரு தீர்மானமாக முடிந்தது. ஐரோப்பாவைக் கட்டுவதில் அடுத்த அடி முதலில் பொருளாதாரத்தில்தான் என்று அது சொன்னது. பொதுச் சந்தை என்ற சொல் அதில் ஏறிவிட்டது.

மெசினாவுக்குப் பின் பிரிட்டனை அழைத்துவர லண்டனுக்குப் போனவரும் பெயனே. பிரிட்டன் அமைச்சர் யாரையும் அனுப்பவில்லை. வர்த்தக வாரியத்திலிருந்து ரஸ்ஸல் பிரெதர்டன் என்ற அதிகாரியை அனுப்பியது, நவம்பரில் அவரும் விலகிக்கொண்டார். பிரஸ்ஸல்ஸில் ஸ்பாக் தலைமையில் நிபுணர் குழு உட்கார்ந்தது, அதன் அறிக்கை 1956 ஏப்ரலில் வந்தது. இந்தக் கட்டத்தை நடத்திக் கொடுத்தவர் ஸ்பாக் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் இல்லாமல் அறிக்கை முடிந்திருக்காது. ஆனால் அந்த அறிக்கையின் நடுவில் நின்ற பொருள் பெயனுடையது.

சரி, பிறகு ஏன் பெயர் மறைந்தது? 1956 அக்டோபரில் ட்ரீஸ் புதிய அமைச்சரவை அமைத்தபோது பெயன் அதில் இல்லை. கட்சி இருந்தால் கேட்டிருப்பார்கள், கட்சியே இல்லாதவருக்காக யார் கேட்பார்கள்? லுன்ஸ் தனியாக வெளியுறவு அமைச்சரானார். ஐந்தே மாதத்தில், 1957 மார்ச் 25 அன்று, ரோமில் கேபிட்டோலின் குன்றின் மேலிருக்கும் மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நெதர்லாந்து சார்பில் கையெழுத்துப் போட்டவர்கள் லுன்ஸும் லிந்தோர்ஸ்ட் ஹோமனும். ஒவ்வொரு மார்ச் 25-லும் உலகப் பத்திரிகைகள் அச்சிடும் புகைப்படம் அந்த மண்டபத்தில் எடுத்தது. லுன்ஸ் 1971 வரை அமைச்சராக இருந்து அப்புறம் நேட்டோவின் பொதுச்செயலாளராகவும் போனார். பெயன் பாரிஸில் சில வருடம் தூதராக இருந்தார், 1976-இல் ஹேக்கில் இறந்தார். அவருடைய முழு வாழ்க்கை வரலாறு அவர் நாட்டு மொழியிலேயே 2005-இல்தான் வந்தது.

கடைசியாக ஒரு தேதி. 1959 ஜனவரி 1 அன்று ஆறு நாடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விதித்த தீர்வையை முதல் தடவையாக 10 சதவீதம் குறைத்தன. 1968 ஜூலை 1 அன்று மிச்சமிருந்ததும் போய், வெளித் தீர்வையும் ஒன்றானது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த கெடுவுக்கு ஒன்றரை வருடம் முன்பாகவே. அட்டவணையை ஒப்பந்தத்திலேயே எழுது என்று 1952-இலேயே அடம்பிடித்தவருக்கு அப்போது வயது 71. 1957-இல் ரோமில் பொதுச் சந்தை ஒப்பந்தத்தோடு அதே நாள் கையெழுத்தான அணுசக்தி ஒப்பந்தத்தின் மேல்தான் மொனே வட்டாரம் அதிக நம்பிக்கை வைத்திருந்தது. அது எங்கே போனது என்று இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பெட்டிகள் ரோட்டர்டாமில் இறங்கி ஒரே தீர்வையோடு உள்ளே போவது பெயன் கேட்ட ஒப்பந்தத்தால்.

ஐரோப்பிய ஒன்றியமே தன் முன்னோடிகள் பட்டியலில் அவரைச் சேர்த்திருக்கிறது. ஆகவே நான் கேட்பது சலுகை இல்லை. இணையப் பதிப்பில் அந்த வரியைத் தயவுசெய்து மாற்றுங்கள். 'நெதர்லாந்து வெளியுறவு அமைச்சர் யோஹான் வில்லெம் பெயன் 1952-இல் முன்வைத்து 1955-இல் மீட்டெடுத்த பொதுச் சந்தைத் திட்டம், மெசினா மாநாட்டின் வழியாக 1957 ரோம் ஒப்பந்தமானது' என்று போட்டால் போதும். இடம் கிடைக்கும்போது மெசினாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் எழுதச் சொல்லுங்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்கு உங்கள் நடுப்பக்கத்தை வெட்டி ஒட்டிப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி ஆவணப் பணியாளர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.